பக்கத்து சீட் பிரேக்

மாஸ்டர் வீட்டு ஹாலில், சோபாவுக்கு முன்னால், தரையில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். வருகிற போகிறவர்களுக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரனுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

அது அவருடைய வலது கால் செய்த வேலை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவன் சுவரைப் பார்த்துப் போனால் இவர் மிதிப்பார். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து, வீட்டிலும் அந்தக் கால் அடங்குவதில்லை. டிவியில் லாரி வேகமாக வந்தால் மிதிக்கும். மனைவி குரலை உயர்த்தினால் மிதிக்கும். மச்சினன் வாயைத் திறந்தாலே, அவன் என்ன சொல்லப் போகிறான் என்று தெரிவதற்கு முன்பே மிதிக்கும்.

உலகம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்ட அந்த வருஷத்தில் முதலில் படுத்தது இவர் தொழில்தான். ஆளுக்கு ஆள் ஆறடி தள்ளி நில்லுங்கள் என்றார்கள். காருக்குள் ஆறடிக்கு எங்கே போவது? மஞ்சள் கார் வாசலில் உறை போர்த்திக் கிடந்தது. காலையில் மாஸ்டர் இறங்கிப் போய் உறையை விலக்குவார், ஸ்டார்ட் பண்ணுவார், பேட்டரி செத்துவிடாமல் கொஞ்ச நேரம் ஓடவிடுவார், அணைத்துவிட்டு மேலே வருவார். அதற்கே அவருக்கு வேர்க்கும்.

வீட்டில் வெளியே போய்ச் சம்பாதித்தது அவர் மனைவி ஒருத்திதான். சூப்பர் மார்க்கெட்டில் கல்லா. நாள் முழுக்க முகக்கவசத்துக்குள்ளிருந்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து, "பை வேணுமா? பை இருக்கா?" என்று கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரல். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே அறிவிப்பு நடக்கும்: "யாரும் கிட்ட வராதீங்க! வாளியில தண்ணி இருக்கா? துண்டு எங்க? எவன்டா என் தட்டுல சாப்பிட்டது?"

தட்டில் சாப்பிட்டவன் அவளுடைய தம்பி. விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன். நாங்கள் மைக்செட் என்போம். ஒரு விசேஷத்துக்குக் கட்ட வந்தான், விசேஷம் நின்றுபோயிற்று, பஸ்ஸும் நின்றுபோயிற்று, இவன் மட்டும் நிற்காமல் பேசிக்கொண்டே அக்கா வீட்டில் தங்கிவிட்டான். அவனுக்கு மெதுவாகப் பேச வராது. அந்த வீட்டுக் கதை இவ்வளவு எனக்குத் தெரிந்ததற்கு அவன் தொண்டைதான் காரணம். அவன் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் இங்கே சொல்கிறேன், பயப்படாதீர்கள்.

இனி டாக்டர். மாஸ்டரின் ஒரே மகள். இன்னும் டாக்டர் ஆகவில்லை, மருத்துவக் கல்லூரியில் நாலாவது வருஷம். ஆனால் சின்ன வயதில் அப்பா காரின் பஞ்சர் ஆன டயருக்குத் தன் கவுனைச் சுற்றிக் கட்டுப்போட்ட நாளிலிருந்தே இந்தக் கட்டடம் முழுக்க அவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறது. பாவம், வேறு ஏதாவது ஆகலாமா என்று யோசிக்க அந்தப் பிள்ளைக்கு நாங்கள் இடமே கொடுக்கவில்லை.

விடுதியை மூடிவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பாடம் எல்லாம் லேப்டாப்பில். கல்லீரல் எங்கே இருக்கிறது என்று அம்பு போட்டுக் காட்டினார்கள். தொட்டுப் பார்க்க ஆள் இல்லை. முதலில் அதுவே வேடிக்கையாக இருந்தது. மைக்செட் சட்டையைத் தூக்கிக்கொண்டு சோபாவில் படுத்துவிடுவான்.

"மாமா, வயித்தை இறுக்காதீங்க. லூசா விடுங்க."

"லூசா விட்டாத்தான் இப்படி இருக்கு. இறுக்கினா இன்னும் அழகா இருக்கும்."

"கூச்சமா இருக்கா?"

"கூச்சம் இல்ல, பசிக்குது."

அவள் சிரிக்கிற சிரிப்பு என் வீட்டு வரைக்கும் கேட்கும்.

அப்புறம் அது கேட்கவில்லை. ஒரே நாளில் நின்றதல்ல. தேய்ந்து தேய்ந்து நின்றது. கட்டடத்தில் எல்லோரும் அவளுக்குத்தான் போன் போட்டோம். தும்மினால் அதுவா, இருமினால் அதுவா, பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவலாமா? நானே கேட்டிருக்கிறேன், கொய்யாப்பழத்தைக் கழுவலாமா என்று. எல்லாருக்கும் பதில் சொன்னாள். அங்கே அவளுடைய சீனியர்கள் வார்டில் நின்று, நோய் தொற்றி ஒவ்வொருவராய்ப் படுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் இங்கே அறைக்குள் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு சாயங்காலம், மாஸ்டர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, நான் இதுக்கு லாயக்கில்லப்பா. விட்டுடட்டுமா?"

மாஸ்டரின் கால் தரையில் ஊன்றிக்கொண்டது. "பரீட்சை வருதுல்ல, அது முடியட்டும்மா. அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"சரிப்பா" என்று மேலே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. அப்போது பேசியிருக்க வேண்டும், வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது என்று மாஸ்டர் தன்னையே திட்டிக்கொண்டார். பரீட்சை முடிந்ததும் அவள் விட்டுவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எதை விடுவாள் என்பதுதான் தெரியவில்லை. படிப்பையா? வீட்டையா? அதற்கு மேல் நினைக்க அவருக்குத் துணிவில்லை. நேராகக் கேட்கவும் வாய் வரவில்லை.

அந்தப் பரீட்சைக்குத்தான் அந்தக் கூத்து நடந்தது. வார்டு இல்லை, நோயாளி இல்லை. அதனால் கல்லூரி ஒரு வழி கண்டுபிடித்தது: வீட்டில் ஒருவர் நோயாளியாக நடிக்க வேண்டும், மாணவர் விசாரிக்க வேண்டும், பேராசிரியர் திரையில் பார்த்து மார்க் போடுவார். எந்த நோய் என்பதைக் குலுக்கிப்போட்டு அனுப்பினார்கள். ஒருத்தனுக்கு மஞ்சள் காமாலை, ஒருத்திக்கு ஆஸ்துமா. நம் டாக்டருக்கு வந்தது மனச்சோர்வு.

"மனச்சோர்வா? என்கிட்ட விடு!" என்றான் மைக்செட். "எத்தனை நாடகத்துக்கு மைக் கட்டியிருக்கேன், எத்தனை அழுகை கேட்டிருக்கேன்!"

"கேட்டியே, ஒரு நாளாவது அழுதியா?" என்றாள் அக்காக்காரி.

"அப்ப நீ நடி."

"சோகமா இருக்க எனக்கு நேரம் ஏதுடா? நான் வேலைக்குப் போகணும்."

சரி, மைக்செட்டே நோயாளி என்று முடிவாயிற்று. ஒத்திகை ஹாலில். டாக்டர் எதிரே உட்கார்ந்து, உயிரே இல்லாத குரலில் கேட்டாள்.

"என்ன தொந்தரவு?"

"ஐயகோ! என்னவென்று சொல்வேன்! யாரிடம் சொல்வேன்! என் விதி என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது பார்த்தீர்களா!"

"மாமா, சாதாரணமா பேசுங்க."

"சாதாரணமா பேசினா சோகம் எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு மைக்செட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"அது காசநோய் மாமா."

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. பரீட்சை என்றால் அவருக்குத் தெரிந்தது லைசென்ஸ் பரீட்சை. "மாப்ள, நான் சொல்றத கேளு. கண்ணாடியப் பாத்தா மட்டும் போதாது. நீ பாக்குறத இன்ஸ்பெக்டர் பாக்கணும். அதுக்குக் கழுத்த நல்லாத் திருப்பணும். பசங்க எல்லாம் கண்ண மட்டும் திருப்பிட்டு ஃபெயிலாகுறாங்க. அந்த மாதிரி, சோகமா இருந்தா போதாது, இருக்கிறது தெரியணும்."

"அதத்தான் அத்தான் நானும் சொல்றேன்!"

மறுபடி ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை மைக்செட் ஒவ்வொரு பதிலுக்கும் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான்.

"ஏன்டா ஆந்தை மாதிரி திருப்புற?" என்றாள் அக்கா.

"அத்தான்தான் திருப்பச் சொன்னாரு."

நான் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். தூக்கம் எப்படி, பசி எப்படி, முன்னே பிடித்தது இப்போது பிடிக்கிறதா என்று வரிசையாய்க் கேட்டுக்கொண்டு வந்தவள், கடைசியில் நிறுத்தினாள்.

"அப்புறம் ஒரு கேள்வி இருக்கு. அத பரீட்சை அன்னிக்கு கேட்டுக்கிறேன்."

"என்ன கேள்விம்மா?" என்றார் மாஸ்டர்.

"சாகணும்னு தோணுதான்னு நேரா கேக்கணும்பா. அத கேக்காம விட்டா ஃபெயில்."

"அப்ப கேட்டுப் பழகிக்கம்மா."

"அன்னிக்கு கேட்டுக்கிறேன்னு சொன்னேன்ல" என்று எழுந்து போய்விட்டாள். கதவு சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. முன்பெல்லாம் கோபம் வந்தால் கதவைப் படாரென்று சாத்துவாள். அந்தப் படார் சத்தத்துக்கு மாஸ்டர் ஏங்கிப்போய்விட்டார்.

பரீட்சை நாள் வந்தது. மைக்செட் காலையிலேயே அக்காவின் கண்மையை எடுத்துக் கண்ணைச் சுற்றிக் கருவளையம் போட்டுக்கொண்டு, போர்வையை முக்காடிட்டு வந்து நின்றான்.

"அடப்பாவி, அது அழியாத மைடா! தண்ணி பட்டாலும் போகாது!" என்று அலறினாள் அக்கா. அன்றைக்கு அவள் லீவு போட்டிருந்தாள். சமையலறை வாசலில், கவசத்தோடு, தள்ளித்தான் நின்றாள்.

"தொழில்னு வந்துட்டா முகம் பாக்கக்கூடாதுக்கா."

லேப்டாப்பை ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி மேல் வைத்தார்கள். திரையில் பேராசிரியர் அம்மாள், கண்ணாடி போட்டவர், களைத்துப்போன முகம். அவர் பின்னால் ஒரு குக்கர் விசிலடித்தது. "ஆரம்பிம்மா" என்றார்.

"வணக்கம். நான் மருத்துவ மாணவி. உங்களுக்கு என்ன தொந்தரவு?"

மைக்செட்டுக்கு எதிரே ஒரு ஆள் பார்க்கிறார் என்று தெரிந்ததும் ஒத்திகை எல்லாம் காற்றில் போயிற்று. முக்காட்டை விலக்கினான், கூரையைப் பார்த்தான், "வாழ்க்கையே இருண்டுவிட்டது டாக்டர்!" என்று ஹால் அதிர ஒரு குரல் விட்டு, அப்படியே நாற்காலியோடு பின்னால் சாய்ந்து தடால் என்று விழுந்தான். கால் மட்டும் திரையில் தெரிந்தது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "இவருக்கு மனச்சோர்வு இல்லம்மா. கூட்டம் இல்லாததுதான் இவருக்குக் குறை. வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

அவ்வளவுதான், டாக்டர் முகம் செத்துவிட்டது. "சாரி மேடம்" என்றாள். லேப்டாப்பை மூடுவதற்குக் கை போனது. மூடியிருந்தால் அதோடு எல்லாம் முடிந்திருக்கும். அவள் கண்ணைப் பார்த்த மாஸ்டருக்கு அது தெரிந்தது. சட்டென்று நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் இருக்கேங்க" என்றார்.

"சரி. விசாரிம்மா."

"உங்க தொழில் என்ன?"

"கார் ஓட்டச் சொல்லித் தர்றேன் டாக்டர்."

"என்ன தொந்தரவு?"

மாஸ்டருக்கு நடிக்க வராது. சோகத்தைத் தெரியும்படி காட்டச் சொன்ன மனிதருக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. வலது கால் தரையைத் தேடிற்று. அங்கே மைக்செட் கிடந்தான். அவனை மிதித்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டார். அப்புறம் அவருக்குத் தெரிந்த ஒரே மனச்சோர்வைச் சொல்ல ஆரம்பித்தார்.

"தூக்கம் இல்ல டாக்டர். விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும். முழிச்சது வீட்ல தெரிஞ்சா கேப்பாங்கன்னு அசையாம படுத்திருப்பேன்."

"சாப்பாடு?"

"சாப்பிடறதில்ல. தட்டுல சோத்த இந்த ஓரத்துலேந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிட்டே இருப்பேன். தள்ளினா குறைஞ்ச மாதிரி தெரியும்."

டாக்டர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்டர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"முன்ன எதுக்கெடுத்தாலும் சண்டை போடுவேன். இப்ப என்ன சொன்னாலும் சரின்னுடறேன். குளிக்கப் போனா குழாயத் திறந்து விட்டுடுவேன். வாளி நிறைஞ்சு வழியும், ஆனா குளிக்கிற சத்தம் வராது. வெளிய வர்றப்ப தலை நனைஞ்சிருக்காது, கண்ணு மட்டும் சிவந்திருக்கும். கிளாஸ் நடக்கறப்ப கேமராவ அணைச்சுட்டு சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

"எந்த கிளாஸ்?" என்றார் பேராசிரியர்.

மாஸ்டர் அந்தத் தப்பைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "எல்லா கிளாஸும்தாங்க. பரீட்சையில ஃபெயிலானா அப்பா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு பயம். அந்த ஆளு ஒண்ணும் சொல்லமாட்டாரு. அவருக்குப் பாசாவது ஃபெயிலாவது. ஆனா அத எனக்கு யாரும் சொல்லல."

"அவரு அப்பா போய்ச் சேந்து எவ்ளோ காலமாச்சு!" என்று தரையிலிருந்து குரல் வந்தது. அக்கா எட்டி வந்து போர்வையை இழுத்து அவன் வாயில் திணித்தாள். ஆறடியாவது மண்ணாவது.

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம், "அடுத்த கேள்விய கேளும்மா. அவசரமில்ல" என்றார்.

அடுத்த கேள்வி எது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

"உங்களுக்கு... சாகணும்னு எப்பவாவது தோணியிருக்கா?"

மாஸ்டர் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"அது எனக்குத் தெரியல டாக்டர்" என்றார். "மத்ததெல்லாம் நான் பாத்தேன். இத மட்டும் என்னால பாக்க முடியல. இத நீதாம்மா சொல்லணும்."

குக்கர் விசிலடித்தது. எங்கள் வீட்டுக் குக்கரா பேராசிரியர் வீட்டுக் குக்கரா, நினைவில்லை. நானும் அப்போது கதவுக்குப் பின்னால் மூச்சு விடாமல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"இல்லப்பா" என்றாள். "சாகணும்னு தோணல. எங்கயாவது ஓடிப்போயிடணும்னு தோணிச்சு. யாரும் டாக்டர்னு கூப்பிடாத இடத்துக்கு. சத்தியமா அவ்ளோதாம்ப்பா." சொல்லிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு, அப்படி ஓர் அழுகை. மைக்செட் போட்ட அழுகை எல்லாம் அதன் கால் தூசு பெறாது.

மாஸ்டர் நாற்காலியிலிருந்து தரையில் சரிந்து உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "அவ்ளோதான? அவ்ளோதானம்மா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"தட்டுல தள்றது எனக்கும் தெரியும்டி" என்று அம்மாக்காரி கவசத்துக்குள்ளிருந்து கத்தினாள். "கேட்டா மூஞ்சியத் திருப்பிப்பியோன்னு பயந்துதான் கேக்கல! உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலையேன், நான் என்ன உன் தலையச் சீவிடவா போறேன்?" அவளும் அழுதாள். கவசம் நனைந்து ஒட்டிக்கொண்டது.

திரையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது. அவர் செருமினார்.

"டாக்டர்னு கூப்பிடல. பொண்ணேன்னே கூப்பிடறேன். கேளு. இன்னிக்குக் காலையிலேந்து கேஸ் பாத்துட்டிருக்கேன். பாதி வீட்ல இதே கதைதான். நோயாளி கேள்வி கேக்குறாரு, டாக்டர் அழுறாங்க. நீ மட்டும் தனியா ஒண்ணும் லாயக்கில்லாம போயிடல. சரி, பரீட்சைன்னு ஒண்ணு இருக்கு, ஒரு கேள்வி பாக்கி. இந்த நோயாளிக்கு என்ன சொல்வ?"

டாக்டர் மூக்கை உறிஞ்சினாள். "தனியா விடக்கூடாது மேடம். மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். தூக்கத்த முதல்ல சரி பண்ணணும். பெரிய முடிவு எதையும் இப்ப எடுக்க வேணாம்னு சொல்லணும்."

"கேட்டுச்சா நோயாளி?"

"கேட்டுச்சுங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

"யாரை?"

மாஸ்டர் மகளைப் பார்த்தார். "என்னைத்தாங்க" என்றார்.

பேராசிரியர் சிரித்துவிட்டார். தெரிந்த ஒரு மருத்துவரின் நம்பரைக் கொடுத்து, தானே பேசி வைப்பதாகச் சொன்னார். "அந்தக் கேள்விய கேட்டுட்டம்மா. நிறைய பேர் கேக்காம விட்டுட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரையை அணைத்தார்.

மறுநாள் மஞ்சள் காரின் உறையைக் கழற்றினார்கள். மாஸ்டர் சாவியை மகளிடம் நீட்டினார். பழகுகிறவர்களுக்கான லைசென்ஸ் அவளிடம் எப்போதோ எடுத்து வைத்தது இருந்தது, தொட்டதே இல்லை.

"நானா? இன்னிக்கா?"

"ரோட்ல ஈ காக்கா இல்ல. இதவிட நல்ல நாள் எப்ப வரும்?"

பின் சீட்டில் மைக்செட் ஏறிக்கொண்டான். எண்ணெய் தேய்த்தும் பயறுமாவு தேய்த்தும் கண்மை போகவில்லை. கண்ணைச் சுற்றிக் கரேலென்று அப்படியே இருந்தது. "நீ எதுக்குடா?" என்று பால்கனியிலிருந்து அக்கா கத்தினாள். "துணைக்குக்கா!" என்று அவன் கத்தியது அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும்.

திருப்பத்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். போலீஸ்காரர் கை காட்டினார், வண்டி இரண்டு குதி குதித்து நின்றது. "எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்குங்க" என்றார் மாஸ்டர்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

மாஸ்டர் மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள். போலீஸ்காரர் அதற்குள் குனிந்து பின் சீட்டைப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனார். "ஐயய்யோ. சரி சரி, புரியுது. சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க. பாவம், ரொம்ப முத்திப்போச்சு போலிருக்கே!"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்!" என்று மைக்செட் அலறினான்.

"எல்லாரும் அப்படித்தாம்ப்பா சொல்வாங்க" என்று போலீஸ்காரர் தடுப்பைத் தூக்கிவிட்டார்.

டாக்டர் ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். ஹாரன் அழுந்தி அது வேறு அலறிற்று. மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுத்தை நன்றாகத்தான் திருப்பினார், ஆனாலும் அவள் பார்த்துவிட்டாள்.

வண்டியை மறுபடி கிளப்பி, முதல் கியர், இரண்டாவது கியர். கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்.

"அப்பா, பிரேக்லேந்து கால எடுங்க."

"நான் மிதிக்கலயேம்மா."

"மிதிக்கல. ஆனா வெச்சிருக்கீங்க."

"வெச்சுத்தாம்மா இருப்பேன்" என்றார் மாஸ்டர். "நீ ஓட்டு."